கருகிய பிளக்கும் கைவிரித்த கடையும்

டிரோன் விழுந்த இடத்துக்கு ஓடிப்போய்க் காற்றாடியையும் கேமராவையும் தடவிப் பார்த்துவிட்டு, கடைசியில்தான் பேட்டரியில் கை வைப்போம். அப்போது பிளக் கழன்று வராது. மஞ்சள் பிளாஸ்டிக் உருகி, பேட்டரிப் பக்க முனையும் டிரோன் பக்க முனையும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்காதீர்கள். அந்த ஒட்டிய முனைதான் இனி வரப்போகும் சண்டையில் உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி.

முதலில் பாதுகாப்பு. பேட்டரி உப்பியிருந்தாலோ, இனிப்பு கலந்த ரசாயன வாடை வந்தாலோ, வெட்டவெளியில் மண் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். காருக்குள் கொண்டுபோக வேண்டாம். புகை வந்தால் 999, தீயணைப்புப் படையான பொம்பாவைக் கூப்பிடுங்கள். எல்லாம் ஆறிய பிறகு பேட்டரியைப் பிரித்தே ஆகவேண்டும் என்றால், முனைக்குப் பின்னால் நாலைந்து சென்டிமீட்டர் தள்ளிக் கம்பியை வெட்டுங்கள். சிவப்பை வெட்டி, நுனியில் டேப் சுற்றி முடித்த பிறகே கறுப்பைத் தொடவேண்டும். இரண்டையும் ஒரே வெட்டில் வெட்டினால் கத்தரிக்கோலே ஷார்ட் ஆகும். பிறகு டிரோன் பக்கக் கம்பிகளையும் இப்படியே வெட்டினால் ஒட்டிக்கொண்ட முனை ஜோடி அப்படியே முழுசாகக் கையில் வரும். அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள்.

முனை ஏன் கருகுகிறது

மின்சாரம் கம்பியில் ஓடும்போது வரும் சூடு கொஞ்சம்தான். இரண்டு உலோகம் தொட்டுக்கொள்ளும் இடத்தில்தான் வம்பு. கண்ணுக்கு முழுசாகத் தொடுவதுபோல் தெரிந்தாலும் உண்மையில் சில நுண்ணிய மேடுகளே ஒன்றையொன்று தொடுகின்றன. அந்த மேடுகள் தேய்ந்தாலோ, அழுக்கு ஏறினாலோ, ஸ்பிரிங் தளர்ந்தாலோ, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜொகூர் கடற்பாலத்தில் பாதித் தடங்களை மூடிவிட்டதுபோல் ஆகிவிடும். போகவேண்டிய கூட்டம் குறையாது, வழிதான் குறையும்.

கணக்காகவே பார்த்துவிடலாம். நல்ல நிலையிலுள்ள முனையின் தடை அரை மில்லிஓம் அளவில் இருக்கும். அதில் 40 ஆம்பியர் ஓடினால் வரும் சூடு 0.8 வாட். தடை 10 மில்லிஓமுக்கு ஏறினால் அதே 40 ஆம்பியருக்கு 16 வாட். ஒரு சிறிய சால்டரிங் அயர்னை முனைக்குள் சொருகி வைத்த கதைதான். நைலான் உறை இளகும். இளகினால் உலோகம் இன்னும் தளரும், தளர்ந்தால் தடை இன்னும் ஏறும். ஆரம்பத்தில் மெதுவாக நகரும் இந்தச் சுழல், கடைசி இரண்டு நிமிடத்தில் வேகம் பிடித்து டிரோனைக் கீழே தள்ளிவிடும்.

இங்கே பலர் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் ஒரு விஷயம் உண்டு. கையால் கட்டிய டிரோன்களில் அதிகம் காண்பது எக்ஸ்டி60 முனை. பெயரில் 60 இருப்பதால் 60 ஆம்பியரை விடாமல் தாங்கும் என்று நினைத்துவிடுகிறோம். அதைச் செய்யும் சீனாவின் அமாஸ் கம்பெனி கொடுக்கும் கணக்குப்படி தொடர்ந்து தாங்குவது 30 ஆம்பியர்தான். 60 என்பது கண நேர ஓட்டத்துக்கு. எக்ஸ்டி90-இலும் இதே கதை. டிரோனைக் கட்டி விற்றவர் 45 ஆம்பியரில் மிதக்கும் வண்டிக்கு எக்ஸ்டி60 போட்டிருந்தால், நீங்கள் எவ்வளவு பத்திரமாகச் செருகினாலும் பலன் கிடையாது. அது வடிவமைப்பில் வந்த குறை. போலி முனைகளும் சந்தையில் தாராளம். உறையில் கம்பெனி முத்திரை இல்லாமல், சால்டர் வைத்த சூட்டிலேயே பிளாஸ்டிக் நெளிந்தால் சந்தேகப்படுங்கள்.

ஜொகூருக்கென்று தனிக் காரணங்களும் இருக்கின்றன. பொந்தியான், குக்கூப் பக்கம் கடல் காற்றில் உப்பு. ஆண்டு முழுக்க ஈரப்பதம். அன்னாசித் தோட்டத்தில் பூ வரவைக்கத் தெளிக்கும் எத்திபான் கரைசல் அமிலத்தன்மை கொண்டது. செம்பனையில் களைக்கொல்லிப் புகை. இவை முனையில் படிந்து, தங்கமுலாமில் விழுந்த சிறு கீறல் வழியாக அடியிலுள்ள செம்பைத் தின்னும். பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி பூத்திருந்தால் அந்த வேலை தொடங்கிவிட்டது என்று பொருள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைக்கலாம். மணல்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். மிச்சமிருந்த முலாமும் அதோடு போய்விடும்.

கருகலைப் படிப்பது

எங்கே கருகியிருக்கிறது என்பதைப் பார்த்தே யார் பக்கம் குறை என்று பாதி சொல்லிவிடலாம். நல்ல வெளிச்சத்தில், போன் கேமராவைக் கிட்டே கொண்டுபோய், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். பிறகு நிதானமாகப் பாருங்கள்.

கம்பி சால்டர் ஆகும் பின்பக்கம் கருகி, தொடும் வாய் சுத்தமாக இருந்தால் சால்டர் சரியாகப் பிடிக்கவில்லை. தொழிற்சாலையில் வைத்த சால்டரா, இடையில் யாராவது ரிப்பேர்காரர் கை வைத்தாரா என்பதே கேள்வி. பின்பக்கம் நன்றாக இருந்து, தொடும் வாய் ஒரு முனையில் மட்டும், பெரும்பாலும் நேர்முனையில், கருகியிருந்தால் தொடுகைக் குறை: ஸ்பிரிங் தளர்வு, தேய்மானம் அல்லது முழுசாகச் செருகாதது. நேர், எதிர் இரண்டும் சமமாகச் சூடேறி, கம்பியின் மேலுறைகூட ஒரு சாண் நீளத்துக்கு இறுகிப் போயிருந்தால் முனையை மட்டும் குறை சொல்ல முடியாது. தாங்கும் அளவைவிட அதிக ஆம்பியர் ஓடியிருக்கிறது. மோட்டார் ஏதும் பிடித்துக்கொண்டதா, அதிகப் பாரம் ஏற்றினோமா என்று பார்க்க வேண்டும். நுனியில் மட்டும் குட்டிக் குட்டிக் குழிகள் இருந்தால் அது செருகும்போது அடிக்கும் பொறியின் தழும்பு. அதை வைத்துச் சண்டை போடாதீர்கள், அது சாதாரணத் தேய்மானம். பெரிய பேட்டரிகளுக்குப் பொறி அடக்கும் முனைகள், எக்ஸ்டி90-எஸ், ஏஎஸ்150 போன்றவை, இதற்காகவே வந்தன.

முழுசாகச் செருகவில்லை என்பதுதான் நம்மேல் வரும் முதல் பழி. அதற்கும் தடயம் உண்டு. பாதி செருகிய முனையில் கருகல் வளையம் நுனிப் பக்கம் ஒதுங்கி நிற்கும். அடிவரை செருகியதில் நீளம் முழுக்கப் பரவியிருக்கும். இரண்டு உறைகளும் உருகி ஒட்டிய இடத்தில் இடைவெளி இல்லாமல் சேர்ந்திருந்தால் அந்தப் படம் ஒன்றே போதும். முனையை இழுத்துப் பிரிக்காதீர்கள் என்று முதலிலேயே சொன்னது இதற்காகத்தான்.

பறந்த பதிவும் பேசும். பேட்டரிக்குள் இருக்கும் சில்லு ஒரு வோல்ட்டைச் சொல்லும். டிரோனின் மூளை தனக்கு வந்த வோல்ட்டைச் சொல்லும். ஒரே நொடியில் பேட்டரி 22.0 என்கிறது, டிரோன் 20.8 என்கிறது, ஓடுவது 40 ஆம்பியர் என்றால் நடுவில் காணாமல் போன 1.2 வோல்ட் வழியில் எங்கோ சூடாகிறது. 48 வாட். எல்லா மாடலும் இரண்டு எண்ணையும் காட்டாது. காட்டுகிற மாடலாக இருந்தால் அந்தப் பதிவுக் கோப்பை உடனே கணினியில் நகல் எடுத்து வையுங்கள். ரிப்பேருக்குக் கொடுத்த டிரோன் பல நேரம் உள்ளே எல்லாம் துடைத்துச் சுத்தமாகத்தான் திரும்பி வரும்.

கவுண்டரில்

சர்வீஸ் கவுண்டரில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

"தம்பி, நீங்க பிளக்க முழுசா தள்ளல. அதான் சூடாயிருக்கு."

"சரிண்ணே, அதையே ஜாப் ஷீட்ல எழுதிக் குடுங்க. எதப் பாத்து சொல்றீங்கன்னும் ஒரு வரி சேத்துக்குங்க."

"அதெல்லாம் எழுத முடியாதுப்பா. சிஸ்டத்துல அப்படி இடமே இல்ல."

இடம் இல்லை என்றால் பேனா இருக்கிறது. உங்கள் பக்கத்து நகலில் நீங்களே எழுதுங்கள்: 'நேர்முனை உருகியது. முழுசாகச் செருகவில்லை என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். எழுத்தில் தர மறுத்தார்கள்.' தேதி, நேரம் போட்டு அங்கேயே நின்று படம் எடுத்து, கடையின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். 'விபத்தில் விழுந்தது' என்று ஜாப் ஷீட்டில் எழுத விடாதீர்கள். முனை உருகியதால் விழுந்தது வேறு, விழுந்ததால் முனை கெட்டது வேறு. எழுத்தில் இந்த வரிசை மாறினால் வாரண்டியும் மாறிவிடும்.

அடுத்து வருவது 'பேட்டரி தேயும் பொருள், வாரண்டி ஆறு மாசம்தான்' என்ற பாட்டு. பேட்டரிக்குத் தனிக் காலமும், இத்தனை தடவை சார்ஜ் என்ற வரம்பும் பல கம்பெனிகள் வைப்பது உண்மைதான். ஆனால் உருகியது இரண்டு பாதி. ஒரு பாதி பேட்டரியில், மறுபாதி டிரோன் உடலில். உடலுக்கு வாரண்டி பெரும்பாலும் அதைவிட நீளம். எந்தப் பாதி முதலில் கெட்டது என்று கேளுங்கள். பல கடைகளில் இந்தக் கேள்விக்குப் பதில் தயாராக இருக்காது.

இரண்டாம் தடவை

ஒரு தடவை கருகினால் அதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். புது பேட்டரி போட்டு, இரண்டே மாதத்தில் அதே பக்கம், அதே முனை மறுபடியும் கருகினால் சொல்வதற்குக் காரணங்கள் வேகமாகக் குறைகின்றன.

ரிப்பேர் மேசையில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது: முதல் தடவை பேட்டரியை மட்டும் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். சூட்டில் ஸ்பிரிங் இளகி, முலாம் கருத்துப்போன டிரோன் பக்க முனை அப்படியே கிடக்கும். அந்தப் பழைய வாயில் புது பேட்டரியைச் செருகினால் புதியதும் கருகத்தான் செய்யும். எனவே முதல் ரிப்பேரிலேயே இரண்டு பாதியையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். மாற்றிய பாகங்களின் எண்ணை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். இரண்டையும் மாற்றி எழுதியிருந்தும் மறுபடி கருகினால் வடிவமைப்புக் குறை என்ற வாதம் பலப்படும். ஒரு பாதியைத்தான் மாற்றினார்கள் என்றால் அது அரைகுறை ரிப்பேர், அதற்கு ரிப்பேர் செய்தவரே பதில் சொல்ல வேண்டும். எப்படிப் பார்த்தாலும் இரண்டாம் தடவைக்குப் பிறகு உங்கள் கை ஓங்கியிருக்கும். இதை உணராமல் பலர் மூன்றாவது பேட்டரியைப் பாதி விலையில் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். எனக்கு இதைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும்.

யாரைப் பிடிப்பது

'நாங்க விக்கிறதோட சரி. கம்பெனியக் கேளுங்க' என்று கடை சொல்லும். கம்பெனி சீனாவின் சென்செனில் இருக்கும். அங்கே மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது தேவையில்லாத வேலை.

மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில், பாதுகாப்பாக, நீடித்து உழைப்பதாக இருக்கும் என்ற உத்தரவாதத்தை ஒவ்வொரு விற்பனைக்குள்ளும் வைத்திருக்கிறது. இது வாரண்டி அட்டைக்கு வெளியே நிற்கும் உரிமை. அட்டையில் ஆறு மாதம் என்று போட்டிருப்பதால் இது ஆறு மாதத்தில் செத்துவிடாது. கடையின் விதிமுறைக் காகிதத்தில் எதை எழுதினாலும் இந்தச் சட்டத்தை மீற முடியாது என்று 6ஆம் பிரிவு சொல்கிறது. இந்த உத்தரவாதத்துக்கு முதலில் பொறுப்பு உங்களுக்கு விற்ற கடை. 41ஆம் பிரிவின்படி சரிசெய்யக்கூடிய குறையை நியாயமான காலத்துக்குள் சரிசெய்ய வேண்டும். செய்ய மறுத்தாலோ, செய்தும் சரியாகவில்லை என்றாலோ, வேறிடத்தில் ரிப்பேர் செய்து செலவைக் கேட்கலாம், அல்லது பொருளையே திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் திருப்பிக் கொடுக்கும் உரிமையை ஆறப்போட்டால் அது போய்விடும். டிரோன் மூட்டைக்குள் தூங்கிக்கொண்டிருக்க, எட்டு மாதம் கழித்து ஞாபகம் வந்து கேட்காதீர்கள்.

தயாரிப்பாளர்மேல் நேரடியாகப் போகவும் இதே சட்டத்தில் வழியிருக்கிறது, 50ஆம் பிரிவு. 'தயாரிப்பாளர் சீனாவில்' என்ற சாக்குக்குச் சட்டமே பதில் சொல்லிவிட்டது. வெளிநாட்டுத் தயாரிப்பாளருக்கு மலேசியாவில் தொழில் இடம் இல்லை என்றால், இறக்குமதி செய்தவரும் விநியோகித்தவரும் தயாரிப்பாளர் கணக்கில்தான் வருவார்கள் என்று 3ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. தன் பெயரை ஒட்டி விற்பவரும் அப்படியே. ஆக நீங்கள் தேட வேண்டியது சென்செனை அல்ல, பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் இறக்குமதியாளரின் பெயரை. அந்தப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

தயாரிப்பாளருக்கும் ஒரு தற்காப்பு உண்டு. பொருள் தன் கையை விட்டுப் போன பிறகு வேறொருவர் செய்த செயலால் குறை வந்தது என்று காட்டினால் தப்பித்துக்கொள்ளலாம். வேறு பிராண்ட் பேட்டரி போட்டது, முனையை வெட்டி மாற்றிச் சால்டர் செய்தது, மூன்றாம் ஆளிடம் திறந்தது எல்லாம் இங்கே நம்மைக் கவிழ்க்கும். வாரண்டி உள்ள டிரோனில் நண்பன் கையால் சால்டர் வைக்க வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் நண்பனின் திறமை அல்ல.

விழுந்த டிரோன் பக்கத்து வீட்டுக் கார் கண்ணாடியை உடைத்திருந்தால் அது வேறு அத்தியாயம், 68ஆம் பிரிவு. குறையுள்ள பொருளால் வந்த சேதத்துக்கு உற்பத்தியாளர், பெயர் ஒட்டியவர், இறக்குமதியாளர் எல்லாரும் பொறுப்பு. அந்தப் பகுதியில் கார் கண்ணாடியைக் கேட்கலாம், டிரோன் விலையைக் கேட்க முடியாது. டிரோனுக்கு 32ஆம் பிரிவுக்கே திரும்ப வேண்டும்.

வெளியுலகில் நடந்தது

முனைச் சண்டை நமக்கு மட்டும் வந்த சோதனை அல்ல. கோப்ரோ கம்பெனி 2016 அக்டோபர் 23 அன்று கார்மா என்ற டிரோனை விற்பனைக்கு விட்டது. பறக்கும்போதே மின்சாரம் அறுந்து சில விழுந்தன. நவம்பர் 8 அன்று, அதுவரை விற்ற சுமார் 2,500 டிரோன்களையும் திரும்பப் பெறுவதாக அறிவித்து முழுப் பணத்தையும் கொடுத்தார்கள். பேட்டரியைப் பிடித்து வைக்கும் தாழ்ப்பாளில்தான் குறை, அதிர்வில் பேட்டரி நகர்ந்து இணைப்பு விட்டுப்போனது. தாழ்ப்பாளை மாற்றி 2017 பிப்ரவரியில் மறுபடி விற்றார்கள். நீங்கள் சரியாகத் தள்ளவில்லை என்று அவர்கள் யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டுமானால் டிரோனை விட்டுக் கணினிக்குப் போக வேண்டும். 2022 அக்டோபரில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் அட்டையின் மின்முனை உருகுவதாக உலகெங்கும் படங்கள் வந்தன. அடுத்த மாதம் கம்பெனி சொன்னது: தெரிந்தவரை சுமார் 50 சம்பவம், பெரும்பாலும் முழுசாகச் செருகாததே காரணம். சொல்லிவிட்டு, உருகிய அட்டைகளை மாற்றியும் கொடுத்தார்கள். பிறகு அந்த முனையின் தரநிர்ணயமே திருத்தப்பட்டது. முழுசாகச் செருகாவிட்டால் அட்டை மின்சாரத்தை எடுக்காதபடி உணர்முள்களைக் குட்டையாக்கினார்கள்.

செருகியவர்மேல் பழியைப் போட்ட பிறகும் முனையைத்தான் திருத்த வேண்டியிருந்தது. என் கட்சியும் இதுதான். பாதி செருகினாலும் வேலை செய்து, எச்சரிக்கை எதுவும் கொடுக்காமல், நடுவானில் உருகும் முனையில் வடிவமைப்புக் குறை இருக்கிறது. 'நீங்கதான் சரியா செருகல' என்று கடை சொன்னால், 'சரியா செருகலன்னா பறக்காம இருந்திருக்கணும்ல?' என்று கேளுங்கள்.

சிங்கப்பூர் செட், ஏபி செட், ஆன்லைன்

ஜொகூர் பாருவில் இருந்துகொண்டு டிரோனை எல்லாரும் இங்கேயே வாங்குவதில்லை. தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் அங்கேயே வாங்கிவிடுகிறார்கள். சிங்கப்பூரில் வாங்கியதற்கு மலேசியச் சட்டம் வராது. ஆனால் அங்கே ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள 'லெமன் லா'வின்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரிந்த குறை வாங்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடையின் பாடு. அங்குள்ள சிறு கோரிக்கை மன்றம் 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரை பார்க்கும். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

அதிகாரபூர்வ விநியோகிப்பாளர் வழியாக வராத ஏபி செட் என்றால் விலை குறைவு, உள்ளூர் விநியோகிப்பாளர் 'எங்க சரக்கு இல்ல' என்று கதவைச் சாத்துவார். அவரை விடுங்கள். விற்ற கடையும் அதை இறக்கியவரும் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. ஷாப்பியிலோ லாசாடாவிலோ வாங்கினால், விற்றவர் உள்ளூர் கம்பெனியா சீனாக் கணக்கா என்று வாங்கும் முன்பே பாருங்கள். சீனாக் கணக்குமேல் இங்கே தீர்ப்பு வாங்கி யாரிடம் நீட்டுவது? அந்தத் தளத்தின் பணத்திருப்பு நாட்களுக்குள் வேலையை முடித்துக்கொள்வதே புத்தி.

கருகிய பேட்டரியைச் சீனாவுக்கு அனுப்பினால்தான் பார்ப்போம் என்று சில விற்பனையாளர் சொல்வார்கள். சேதமான லித்தியம் பேட்டரியை விமானத்தில் அனுப்ப அனைத்துலக விதி அனுமதிப்பதில்லை. செய்ய முடியாத நிபந்தனையைப் போட்டுவிட்டு, நீங்கள் அனுப்பவில்லை என்று கோப்பை மூடுகிறார்கள். விதியைச் சுட்டிக்காட்டி, படங்களை வைத்து முடிவெடுங்கள் அல்லது இங்கே ஆளனுப்பிப் பாருங்கள் என்று எழுத்தில் பதில் போடுங்கள்.

தோட்டத்து டிரோன்

கல்யாணப் படம் எடுக்கும் தம்பி சிறிய டிரோனைத் தொழிலுக்குத்தான் பயன்படுத்துகிறார். ஆனாலும் மலேசியாவின் 1999ஆம் ஆண்டுச் சட்டம் பார்ப்பது, அந்த வகைப் பொருள் சாதாரணமாக வீட்டுக்கு, சொந்த உபயோகத்துக்கு வாங்கப்படுவதா என்பதை. சின்ன கேமரா டிரோன் அதில் அடங்கும் என்று வாதாட இடமுண்டு. மருந்து தெளிக்கும் டிரோனுக்கு அந்த இடமில்லை. அதை யாரும் வீட்டு மொட்டைமாடிக்கு வாங்குவதில்லை.

குளுவாங், சிம்பாங் ரெங்கம் பக்கம் அன்னாசிக்கும் செம்பனைக்கும் தெளிப்புக் குத்தகை எடுப்பவர்கள் இதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். உங்களுக்குக் கைகொடுப்பது 1957ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. தரம், உபயோகத்துக்கு ஏற்ற தன்மை என்ற நிபந்தனை அதிலும் உண்டு. ஆனால் ஒப்பந்தத்தில் எழுதி அதை விலக்க முடியும். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடுங்கள். தொகை ஒரு லட்சம் ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், அதற்கு மேல் செஷன்ஸ். வக்கீல் செலவு வரும்.

பெரிய டிரோனில் முனைக்கு அடி பலமாகவே விழுகிறது. 50 வோல்ட் அளவிலான பேட்டரி, டாங்கி நிறைய மருந்தோடு எழும்போது 100 ஆம்பியரைத் தாண்டும். 30 ஆம்பியர்-மணி பேட்டரியைப் பத்து நிமிடத்தில் சார்ஜ் செய்தால் உள்ளே போவது 180 ஆம்பியர். பறக்கும்போது சூடு, சார்ஜில் சூடு, நாள் முழுக்கக் கழற்றி மாட்டல், மருந்துக் கை. எனவே வாங்கும்போதே ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்: முனைகள் ஜோடியாகவே மாற்றப்படும், உதிரிப் பாகம் உள்ளூரில் கையிருப்பில் இருக்கும், ரிப்பேர் இழுத்தால் மாற்று டிரோன் தரப்படும். ஒவ்வொரு பேட்டரிக்கும் பெயிண்ட்டால் எண் போட்டு, எந்த எண் எந்த நாளில் சூடாக இருந்தது என்று ஒரு சின்ன நோட்டில் டிரோனை ஓட்டுபவரே எழுதட்டும். பேட்டரி சூடும் முனைச் சூடும் வேறு வேறு. பறந்து இறங்கி, கழற்றியவுடன் முனை உறையைத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கடிதமும் நடுவர் மன்றமும்

முதலில் கடைக்கு ஒரு கடிதம். மலாயில் எழுதுவது நல்லது, நாளை அதே காகிதம் மன்றத்துக்கும் போகும். சாரம் இவ்வளவுதான்:

'இன்ன தேதியில் உங்களிடம் வாங்கிய, இன்ன வரிசை எண் கொண்ட டிரோனின் பேட்டரி இணைப்பு இன்ன தேதியிலும், மறுபடி இன்ன தேதியிலும் நேர்முனைப் பக்கம் உருகியது. முதல் முறை நீங்கள் பேட்டரியை மட்டும் மாற்றினீர்கள். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32, 41 பிரிவுகளின்படி பொருளைத் திருப்பித் தந்து முழுப் பணத்தையும் கேட்கிறேன். 14 நாளுக்குள் எழுத்தில் பதில் தேவை. கருகிய முனைகள் என்னிடம் உள்ளன. உங்கள் டெக்னீசியன் என் முன்னிலையில் பார்வையிடலாம்.'

திட்டு வேண்டாம், போலீசுக்குப் போவேன் என்ற மிரட்டலும் வேண்டாம். கடைசி வாக்கியம்தான் முக்கியம். பார்க்க அழைத்தும் வராதவர், பின்னால் 'எங்களுக்குக் காட்டவே இல்லை' என்று சொல்ல முடியாது.

பதில் வரவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். கட்டணம் 5 ரிங்கிட். முதல் பாரத்தை இணையத்திலோ, உள்நாட்டு வாணிப அமைச்சின் ஜொகூர் பாரு அலுவலகத்திலோ கொடுக்கலாம். குறை எழுந்த மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். எதிர்த்தரப்பு இரண்டாம் பாரத்தில் 14 நாளுக்குள் பதில் தர வேண்டும். வக்கீல் வர முடியாது, கம்பெனியின் ஆளே வந்து நிற்க வேண்டும். உங்களுக்கு இது பலம்தான். ஆள்களுக்கு வந்த காயத்தை இந்த மன்றம் எடுக்காது.

கோரிக்கை கவிழும் இடம் பெரும்பாலும் பெயர்தான். கடைப் பலகையில் இருக்கும் பெயர் வேறு, பதிவில் இருக்கும் சென்டிரியான் பெர்ஹாட்டின் பெயர் வேறு. ரசீதில் இருக்கும் பதிவு எண்ணை வைத்து நிறுவனப் பதிவகமான எஸ்எஸ்எம்மில் தேடி, சரியான பெயரையும் முகவரியையும் போடுங்கள். கடை, இறக்குமதியாளர் இருவரையும் சேர்த்தே எழுதுங்கள். ஒருவரை மட்டும் இழுத்தால் அவர் வராத ஆளைக் கைகாட்டுவார். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் ஒருவர் குறையை ஒருவர் சொல்லி, நீங்கள் தேட வேண்டியதையெல்லாம் அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள்.

விசாரணைக்கு டிரோனையே தூக்கிப் போங்கள். முனை டப்பா, அச்சிட்ட படங்கள், தேதி வரிசையில் ஜாப் ஷீட்டுகள், வாட்ஸ்அப் பேச்சின் அச்சு, ரசீது. மின்னியல் விளக்கம் நீட்ட வேண்டாம். எங்கே வாங்கினேன், எப்போது கருகியது, என்ன மாற்றினார்கள், மறுபடி எங்கே கருகியது, இவ்வளவு போதும். தீர்ப்பு வந்தால் 14 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். கட்டத் தவறுவது குற்றம். அபராதம், சிறை இரண்டுக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது.

பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகாது. மன்றத்தின் கடிதம் கையில் கிடைத்த வாரமே கடையிலிருந்து போன் வரும். 'பாஸ், குட்வில்லா ஒரு புது பேட்டரி தர்றோம், கேச வாபஸ் வாங்கிருங்க.' பேட்டரி மட்டும் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கருகிய டிரோன் பக்க முனை அப்படியேதான் இருக்கிறது. இரண்டு பாதியும் மாறுகிறது, அல்லது பணம் திரும்புகிறது என்றால் பேசலாம். கையெழுத்துக் கேட்கும் காகிதத்தில் 'முழுமையான, இறுதியான தீர்வு, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரு வரி இருக்கும். பணம் முழுசாக வந்தால் அது இருக்கட்டும். பாகம்தான் தருகிறார்கள் என்றால் அந்த வரியை அடித்துவிட்டு, மாற்றிய பாகங்களின் எண்ணையும், அவற்றுக்குப் புதிதாகத் தொடங்கும் வாரண்டித் தேதியையும் எழுதச் சொல்லுங்கள். அதற்கு அவர்களும் கையெழுத்துப் போட்ட பிறகு, மன்றத்துக்கு எழுதிக் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.